தொட்டிலுக்கு மாறுங்கள், கட்டுகிற கயிற்றையும் மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழக–கேரள எல்லையில் போடிமெட்டு, பூப்பாறை, சூரியநெல்லிப் பக்கம் மலை நடைக்கு வழிகாட்டிகளாக வேலை செய்கிறவர்கள் சிலர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். கோடை விடுமுறைக் கூட்டம் மலையேறும் முன்பே இது அச்சில் வந்தால் நல்லது.

தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வரும் இளைஞர்கள் கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டு, ஹேமக் என்று கடையில் விற்கும் தொங்கு படுக்கையோடு வரத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்கள் அதைத் தொட்டில் என்றே சொல்கிறார்கள். பொருத்தமான சொல், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். இந்த மாற்றத்தை நாங்கள் வரவேற்கிறோம். எல்லை மலைகளில் சமதரை அபூர்வம். கூடாரம் போட வேண்டும் என்றால் சரிவை வெட்டித் தட்டையாக்குகிறார்கள், மழைநீர் வழிய வாய்க்கால் தோண்டுகிறார்கள், ஒரே இடத்தில் பத்து வாரம் கூடாரம் நின்றால் அடியில் புல் செத்து மண் இறுகிப்போகிறது. அடுத்த மழையில் அந்த மண்தான் முதலில் கரைந்து ஓடுகிறது. தொட்டிலுக்குச் சமதரை தேவையில்லை. இரண்டு நல்ல மரம் போதும். தரை ஈரமாக இருந்தாலும் கல்லாக இருந்தாலும் அட்டை ஊர்ந்தாலும் படுக்கை காய்ந்தே இருக்கும்.

ஆனால் கடையில் வாங்கிய துணிப்பையைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் எங்கள் கவலை. ஒரு நைலான் துணி, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத இரண்டு நைலான் கயிறு, இரண்டு கொக்கி. இந்தக் கயிறுதான் மரத்தையும் கெடுக்கிறது, ஆளையும் கீழே போடுகிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். தூளி கட்டுகிற எந்தத் தாயும் அதை விறைப்பாகக் கட்டுவதில்லை. உத்தரத்திலிருந்து நேராகக் கீழே தொங்குவதால் குழந்தையின் எடை மட்டும்தான் கயிற்றில் இறங்கும். இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டும் தொட்டில் அப்படியில்லை, பக்கவாட்டில் இழுக்கிறது. கயிறு கிடைக்கோட்டிலிருந்து 30 பாகை சரிந்து இறங்கினால், 80 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கத்துக் கயிற்றிலும் 80 கிலோ இழுவிசை. அதே ஆளுக்கு 15 பாகையில் கட்டினால் பக்கத்துக்கு ஏறக்குறைய 155 கிலோ. இன்னும் இழுத்து 10 பாகையாக்கினால் 230 கிலோ. பார்க்க நேராக, அழகாக இருக்கட்டும் என்று இழுத்துக் கட்டும்போதே கயிறும் முடிச்சும் கொக்கியும் மரமும் மூன்று மடங்கு சுமக்கின்றன. இதில் ஒருவர் தொப்பென்று உட்கார்ந்தால் அந்த நொடியில் இன்னும் கூடும். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் பாதியாகக்கூடக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கயிறு அறுவது பெரும்பாலும் முடிச்சை ஒட்டித்தான்.

30 பாகையை அளக்கக் கருவி வேண்டாம். கட்டைவிரலை மேல்நோக்கியும் ஆட்காட்டி விரலைக் கிடையாகவும் நீட்டி, கட்டைவிரல் மரத்தின் பக்கம் இருக்கும்படி கயிற்றின் அருகில் பிடியுங்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து ஆட்காட்டி விரல் நுனிக்கு ஒரு கோடு போட்டால் எவ்வளவு சரியுமோ, ஏறக்குறைய அவ்வளவு சரிவு கயிற்றில் இருந்தால் போதும்.

சரியான தொட்டில் எது என்று கேட்கிறவர்களுக்கு: நீளம் குறைந்தது 3 மீட்டர், 3.3 மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அகலம் 1.5 மீட்டர். கடைகளில் 2.5 மீட்டர், 2.7 மீட்டர் துணிகள் மலிவாகக் கிடைக்கின்றன. பகலில் ஒரு மணி நேரம் சாய்ந்திருக்க அவை போதும், இரவுக்கு ஆகாது. நீளம் குறைந்தால் உடம்பு வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும், கெண்டைக்காலுக்கு அடியில் துணி கம்பிபோல் விறைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உறுத்தும். விடுதிகளில் முன்வாசலில் கட்டியிருக்கும், இரண்டு பக்கமும் மரக்கம்பு வைத்த வலை ஊஞ்சலை மலைக்குத் தூக்கி வராதீர்கள். கனமும் அதிகம், புரண்டு படுத்தால் கவிழ்த்தும் விடும்.

படுக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். துணியின் நடுக்கோட்டில் நேராகப் படுக்கக் கூடாது. தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் ஒதுக்கி, குறுக்கே 20, 25 பாகை திரும்பிப் படுத்தால் துணி விரிந்து முதுகு ஏறக்குறைய மட்டமாகிவிடும். கால் பக்கத்தில் மரத்தைச் சுற்றும் அகல நாடாவைத் தலைப் பக்கத்தைவிட 15 முதல் 20 செ.மீ. உயர்த்திக் கட்டுங்கள். இல்லாவிட்டால் இடுப்புக் கனத்தில் உடம்பு மெல்ல மெல்லக் கால் பக்கம் வழுகிக்கொண்டே போகும். தொட்டிலில் படுத்தால் முதுகு வலிக்கிறது என்கிறவர்களில் பலர் இந்த இரண்டையும் செய்யாதவர்கள்.

ஒவ்வொரு இரவும் ஒரே தொய்வு கிடைக்க எளிய வழி, தொட்டிலின் இரண்டு முனைகளையும் மேலே ஒரு மெல்லிய உறுதியான கயிற்றால் இணைத்துவிடுவது. அளவுக்கயிறு என்று சொல்லலாம். துணி நீளத்தில் 83 விழுக்காடு இருக்க வேண்டும், 3.3 மீட்டர் துணிக்கு 2.75 மீட்டர். மரங்கள் கொஞ்சம் தள்ளி நின்றாலும், நாடா கொஞ்சம் இறுகினாலும் துணியின் தொய்வு மாறாது. ஆள் படுத்தபின் அந்தக் கயிற்றை இரண்டு விரலால் பிடித்து முறுக்கினால் வளைந்து கொடுக்க வேண்டும். வீணைத் தந்திபோல விறைத்து நின்றால் நாடாவை இளக்குங்கள்.

இனி நாடா. எங்கள் மனத்தில் மிகக் கனமாக இருக்கும் விஷயம் இதுதான். மரத்தின் வெளிப்பட்டைக்கு உள்ளே இலையில் செய்த உணவு கீழே இறங்கும் மெல்லிய அடுக்கு இருக்கிறது, அதை ஒட்டி மரம் பருக்கும் அடுக்கு. மெல்லிய கயிறு 80 கிலோ இழுவையோடு இரவு முழுக்க ஆடி ஆடி அறுத்தால் அந்த அடுக்குகள் நசுங்குகின்றன. சுற்றிலும் நசுங்கினால் வேருக்கு உணவு போகாது. இலை உடனே வாடாது என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. அதே இரட்டை மரத்தில் வாராவாரம் ஆள் மாற்றி ஆள் கட்டினால், ஓரிரு வருடத்தில் மேல்நுனி காயத் தொடங்கும்போதுதான் தோட்டக்காரர் பார்க்கிறார்.

ஆகவே மரத்தைச் சுற்றுவதற்குக் குறைந்தது 2.5 செ.மீ. அகல நாடா வேண்டும். மெல்லிய பட்டை கொண்ட மரமானால் 5 செ.மீ. ஒரு பக்கத்துக்கு 3 முதல் 4 மீட்டர் நீளம். நாடா பாலியெஸ்டராக இருக்கட்டும், நைலான் வேண்டாம். நைலான் ஈரத்திலும் எடையிலும் நீளும். ராத்திரி பத்து மணிக்கு முழங்கால் உயரத்தில் படுத்தவர் விடியற்காலை தரையில் உட்கார்ந்திருப்பார். லாரியில் சரக்குக் கட்டும் பாலியெஸ்டர் பெல்ட் நாடா நல்ல மாற்று, ஆனால் அதோடு வரும் ராட்செட் இரும்பு வேண்டாம். கனமும் அதிகம், இறுக்கத்தை ஆள் அறியாமல் எங்கோ கொண்டுபோய்விடும். நாடாவின் ஒரு முனையில் கண்ணி தைத்து, மறுமுனையை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கண்ணிக்குள் விட்டு இழுத்தால் போதும். தையலை வீட்டுத் தையல் இயந்திரத்தில் போடாதீர்கள். செருப்பு, பை தைக்கிறவர்களிடம் கொடுத்து, கனத்த பாலியெஸ்டர் நூலில், 8 செ.மீ. நீளத்துக்குப் பெட்டியும் குறுக்குமாகத் தைத்து வாங்குங்கள். தைத்த நாடாவில் முதலில் இரண்டு பேர் தரையோடு தரையாகத் தொங்கிப் பாருங்கள்.

கொக்கி வாங்கும்போது உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். மலையேற்றத்துக்கான கராபினரில் 20, 22 என்று ஒரு எண்ணும் பக்கத்தில் கிலோ நியூட்டன் குறியும் இருக்கும். ஒரு கிலோ நியூட்டன் ஏறக்குறைய 100 கிலோ இழுவிசை. எண்ணே இல்லாத பளபளப்புக் கொக்கி சாவிக்கொத்துக்கு மட்டும் உரியது. பக்கிளில் நாடாவைக் கோர்த்து இழுப்பவர்கள், மழையில் நனைந்த நாடா வழுகக்கூடும் என்பதால் பக்கிளுக்குப் பின்னால் ஒரு உருவு முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

எவ்வளவு உயரத்தில் கட்டுவது? உட்காரும்போது துணி தரையிலிருந்து 45 செ.மீ., அதாவது நாற்காலி உயரம், இருக்க வேண்டும். 3.3 மீட்டர் தொட்டிலுக்கு மரங்கள் 4 மீட்டர் தள்ளி நின்றால் நாடாவை 160 செ.மீ. உயரத்தில் கட்டலாம், 4.5 மீட்டருக்கு 175, 5 மீட்டருக்கு 190. ஒவ்வொரு அரை மீட்டர் இடைவெளிக்கும் 15 செ.மீ. உயர்த்துகிறீர்கள் என்று நினைவில் வைத்தால் போதும். 6 மீட்டர் தள்ளி நிற்கும் மரங்களுக்குக் கை எட்டாத உயரம் தேவைப்படும், விட்டுவிடுங்கள். தேயிலைக்காட்டு நடுவில் நிழல் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதும், கீழே செடி இருப்பதும் அங்கே தொட்டில் கட்ட முடியாததற்குக் காரணம். சரிவில் கட்டும்போது மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிக் கட்டாமல், சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் நிற்கும் இரண்டு மரத்தைத் தேடுங்கள். ஏறுவதும் இறங்குவதும் மேட்டுப் பக்கமாகவே இருக்கட்டும். பள்ளத்துப் பக்கம் விழுந்தால் 45 செ.மீ. என்பது ஒரு ஆள் உயரமாகிவிடும். அடியில் கல், வெட்டிய அடிக்கட்டை இருந்தால் இடத்தை மாற்றுங்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தொட்டில் கட்டிப் படமெடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள், மேலே இருப்பவர் கீழே இருப்பவர் மேல்தான் விழுவார்.

எந்த மரம் என்பதற்கு இந்தப் பக்கத்துக் கணக்கு தனி. தொடைப் பருமனுக்குக் குறையாத உயிர்மரம், தள்ளிப் பார்த்தால் தலை ஆடாத மரம் என்பது பொதுவிதி. பலா உறுதியானது. சில்வர் ஓக் அடிமரம் தாங்கும், கொம்பு முறியும், அதனால் பெருங்காற்று நாளில் அதன் கீழ் வேண்டாம். தைலமரம் எச்சரிக்கையே இல்லாமல் கொம்பு உதிர்க்கும், உரியும் பட்டை நாடாவோடு சேர்ந்து வழுகும். முள்முருங்கை மென்மரம், முள் வேறு. ரப்பர் மரம் காற்றில் முறிகிற மரம், பால் வெட்டும் பட்டையில் நாடா பட்டால் தோட்டக்காரருக்கு நேரடி நஷ்டம். தென்னைக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மறையூர்ப் பக்கம் போகிறவர்கள் சந்தன மரத்தருகே கயிற்றோடு நிற்கவே வேண்டாம். மிளகுக்கொடி ஏறிய மரத்தில் கட்டினால் கொடியின் தண்டும் பற்றுவேரும் நசுங்கி அந்த இடத்துக்கு மேலே கொடி காய்ந்துவிடும். ஏலத்தோட்டத்தில் மழைக்கு முன் நிழல் கவாத்து நடக்கும். வெட்டிய கொம்பு முழுவதும் கீழே வந்துவிடாது, சில மேலேயே கிளைகளுக்கு நடுவில் சிக்கி நிற்கும். நாடாவைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு மரத்தையும் சுற்றி நடந்து, அண்ணாந்து பார்த்து, காய்ந்த கொம்பும் சிக்கிய கொம்பும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஏலத்துக்கு மருந்து அடிக்கும் முறை அடிக்கடி வரும். எந்தப் பாத்தியில் எப்போது அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்காமல் அங்கே இரவு தங்காதீர்கள்.

இனி குளிர். கூடாரத்திலிருந்து மாறுகிறவர்கள் ஏமாறும் இடம் இது. கையில் நல்ல உறக்கப்பை இருக்கும், மேலே கதகதப்பாக இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு முதுகும் இடுப்பும் சில்லிட்டு விழிப்பு வரும். உறக்கப்பையின் அடிப்பகுதி உடல் கனத்தில் நசுங்கி, உள்ளே காற்றுத் தங்காமல் போய்விடுகிறது. தரையில் படுத்தால் பாயாவது இருக்கும். தொட்டிலில் அடியிலும் காற்று ஓடுகிறது. வெளியே 20 பாகை செல்சியஸ் இருந்தாலே அடியில் ஏதாவது வேண்டும். மார்கழி, தை மாதங்களில் மூணாறுப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும் அளவுக்குக் குளிர் இறங்குவது வாசகர்களுக்குத் தெரியும். அந்தக் குளிருக்கு வெறும் துணியில் படுப்பது நோயை வாங்குவது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, தொட்டிலின் வெளிப்புறம் அடியில் தொங்கவிடும் அடிப்போர்வை. உடம்பு அதை நசுக்காது, அதனால் கதகதப்பு முழுதாகக் கிடைக்கும். தொட்டிலை ஒட்டி, இடைவெளி விடாமல், ஆனால் அழுத்தாமல் இருக்க வேண்டும். இரு முனைகளிலும் காற்றுப் புகாதபடி சுருக்கு இழுத்திருக்க வேண்டும். விலை அதிகம். இன்னொன்று, 180 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனமுள்ள மூடிய கண்ணறை ஃபோம் பாய். 350 முதல் 400 கிராம்தான் இருக்கும். உடற்பயிற்சிக்கு விற்கும் ரப்பர் பாய் அதைவிடக் கனம், குளிருக்கும் அவ்வளவு தடையில்லை. ஃபோம் பாயில் உள்ள குறை, தொட்டில் துணி தோளைச் சுற்றி மடிந்து வருவதால் 60 செ.மீ. அகலம் தோளை மூடாது. இன்னொரு பாயிலிருந்து 1 மீட்டர் நீளம், 50 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, தோளுக்கு அடியில் குறுக்காகப் போட்டால் இரண்டு பக்கமும் இறக்கைபோல் எழுந்து தோளை அணைத்துக்கொள்ளும். பாய் வழுகாமல் இருக்க இரட்டை அடுக்குத் துணித் தொட்டில் வாங்கி, இரண்டு அடுக்குக்கும் நடுவில் செருகுங்கள். வெள்ளி நிற அவசரப் போர்வையை அடியில் விரித்தால் உடம்பு வியர்வை அதில் நின்று உறக்கப்பையை நனைக்கும், அது வேண்டாம்.

இதே பாய் கொசுவையும் தடுக்கும். கொசுவலையை மேலே போட்டுவிட்டு நிம்மதியாகப் படுப்பவர்களின் முதுகைக் கொசு துணிக்கு அடியிலிருந்தே கடிக்கும், ஒற்றை நைலான் துணி அதற்குத் தடையே இல்லை. அட்டைக்குத் தொட்டில் நல்ல பாதுகாப்புதான், ஆனால் ஏறும்போது காலோடு ஏற்றிக்கொண்டு போய்விடாதீர்கள். செருப்பைக் கழற்றும் இடத்தில் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டுக் காலைத் தூக்குங்கள். செருப்பைத் தலைகீழாக ஒரு குச்சியில் மாட்டுங்கள், காலையில் உதறிவிட்டுப் போடுங்கள்.

தார்ப்பாய் 3 மீட்டர் சதுரம் போதும். மூலைக்கு மூலை வைத்துக் கட்டினால் நடுக்கோடு 4.2 மீட்டர் வரும், தொட்டிலின் இரு முனைக்கும் வெளியே முக்கால் மீட்டர் மிஞ்சும். ஆனால் பக்கங்கள் குறுகும். சாரல் மழைக்கு இது சரி, ஆனி, ஆடி மாதங்களில் போடிமெட்டுக் கணவாயில் வீசும் காற்றோடு வரும் மழைக்கு ஆகாது. அப்போது 4 மீட்டருக்கு 3 மீட்டர் தார்ப்பாயை நீளவாக்கில் கட்டி, காற்று வரும் பக்கத்து விளிம்பைத் தரையை ஒட்டி இறக்குங்கள். சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர் துணி 500 கிராம் அளவில் வரும், நனைந்தாலும் தொய்யாது. அதே பூச்சுள்ள நைலான் ஈரத்தில் தொய்யும், படுக்கும் முன் ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும். சந்தையில் கிடைக்கும் சதுர மீட்டருக்கு 90 கிராம் நீலத் தார்ப்பாயும் தாழ்வில்லை. 3 மீட்டர் சதுரம் 800 கிராமுக்குச் சற்று மேல் வரும். சத்தம் போடும், அவ்வளவுதான்.

மழை பெய்கிறபோது முதலில் தார்ப்பாய், பிறகு தொட்டில். கிளம்பும்போது தொட்டில் முதலில், தார்ப்பாய் கடைசி. நாடாவுக்கு ஒரு சாண் மேலே தார்ப்பாயின் முதுகுக்கயிற்றைக் கட்டுங்கள், ஆள் படுத்ததும் தொட்டில் இன்னும் கீழே இறங்கும். எத்தனை பெரிய தார்ப்பாய் போட்டாலும் மரத்தில் வழியும் நீர் நாடா வழியாகவே நடந்து வந்து தொட்டிலுக்குள் சேரும். தார்ப்பாய்க்குள் நாடா நுழைந்தபின், தொட்டில் தொடங்கும் முன், ஒரு அடி நீளப் பருத்தி நூல்கயிற்றை நாடாவில் கட்டித் தொங்கவிடுங்கள். நீர் அங்கே சொட்டிவிடும். இந்த ஒரு அடிக் கயிறு இல்லாமல்தான் முழுப் படுக்கையும் நனைகிறது.

எடைக்காக மாறுகிறவர்கள் நேர்மையாகக் கூட்டிப் பாருங்கள். தொட்டில் 450 கிராம், நாடாவும் கொக்கியும் 300, தார்ப்பாய் 500, முளையும் இழுகயிறும் 150, கொசுவலை 250, ஃபோம் பாய் 400. ஏறக்குறைய 2 கிலோ. தனியாக 3 கிலோ கூடாரமும் அதன்மேல் ஒரு பாயும் சுமந்தவருக்கு இது பெரிய விடுதலை. ஒரே கூடாரத்தை இருவர் பங்கிட்டுச் சுமந்தால் ஆளுக்கு ஒன்றரை கிலோவும் ஒரு பாயும்தான். அவர்களுக்கு எடையில் மிச்சமில்லை. கடைக்காரர் 450 கிராம் என்று காட்டுவது துணியை மட்டும்.

குப்புறப் படுத்தே பழகியவர்களுக்கும், சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் கூடாரமே நல்லது. முழங்கால் வலியால் தரையிலிருந்து எழ முடியாத பெரியவர்களுக்குத் தொட்டில் நாற்காலிபோல் உதவும். கொழுக்குமலை உச்சி, மீசைப்புலிமலைப் புல்மேடு போன்ற இடங்களில் மரமே கிடையாது. தொட்டிலை மட்டும் நம்பி அங்கே இரவுக்குப் போகிறவர் தரையில் துணி விரித்து நடுங்குவார்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலை நடைக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024-இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்யலாம். நடக்கக் கிடைத்த அனுமதி இரவில் கட்டிப் படுக்கும் அனுமதியாகாது. எல்லையின் இரு பக்கமும் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் தொட்டில் கட்டுவது குற்றம், மரத்தை வெட்டவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. உரிமையாளர் சம்மதம் பெற்ற தனியார் தோட்டமே இடம். அங்கும் யானை உண்டு. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத் தங்குமிடத்தில் இருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். சின்னக்கானல் பக்கம் யானைத் தடம் மரங்களுக்கு நடுவே போகும். குறுக்கே கட்டிய தொட்டில் யானைக்கும் தடை, உள்ளே வலைக்குள் ஜிப் மூடிப் படுத்தவருக்கும் தடை. சாணமும் முறித்த கிளையும் தெரிந்தால் அங்கே வேண்டாம். ஆட்கள் இருக்கும் கட்டடத்தின் கூப்பிடு தூரத்தில், வேலிக்குள் கட்டுங்கள். வலையின் ஜிப் இழுப்பானில் வெள்ளைத் துணி கட்டி வையுங்கள், இருட்டில் முதலில் தேடுவது அதைத்தான். அடியில் நெருப்பு மூட்டாதீர்கள், ஒரு பொறி பட்டாலும் நைலான் உருகி ஓட்டையாகும், அந்த ஓட்டையிலிருந்துதான் துணி கிழியத் தொடங்கும். மழைக்காலத்தில் ஓடைக் கரையும் வெட்டிய மண்சரிவின் அடியும் கூடவே கூடாது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் இறந்த உறவுகளைப் புதைத்த ஊர்கள் இவை.

தோட்ட உரிமையாளர்களுக்கும் தங்குமிடம் நடத்துகிறவர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. 4 மீட்டருக்கும் 5 மீட்டருக்கும் இடைப்பட்ட தூரத்தில் நிற்கும் நல்ல மர ஜோடிகளை நீங்களே தேர்ந்தெடுத்து, கவாத்துக்காரரை விட்டுக் காய்ந்த கொம்பை இறக்கிவிட்டு, எண் எழுதிய தகட்டைக் கயிற்றில் மாட்டி வையுங்கள். ஆணி அடிக்க வேண்டாம். ஒரே ஜோடியில் தொடர்ந்து கட்டவிடாமல் மாதத்துக்கு ஒரு முறை ஜோடியை மாற்றுங்கள். வருகிறவர் அகல நாடா கொண்டுவரவில்லை என்றால் வாடகைக்குக் கொடுக்க அலுவலகத்தில் நாலு ஜோடி நாடா வைத்திருங்கள். தொட்டில் விற்கும் கடைக்காரர்கள் பைக்குள் இருக்கும் மெல்லிய கயிற்றை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் நாடா வைத்து விற்க வேண்டும். விலை கொஞ்சம் கூடும், கூட்டியே விற்கட்டும்.

தொட்டிலை அவிழ்த்த பிறகு நாடா இருந்த இடத்தில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். பட்டை பிசுபிசுப்பாக இருந்தாலோ, பள்ளம் தட்டினாலோ, அடுத்து வருகிறவர் அதே மரத்தில் கட்டாதபடி தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

இப்படிக்கு,
மலை நடை வழிகாட்டிகள் சிலர்,
போடிமெட்டு – சூரியநெல்லி